துணி சுற்றிய விரல்

வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு, துணி சுற்றிய விரலால் அவள் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

கேமரா விழிக்கவில்லை.

“துணியக் கழட்டிட்டுத் தொடுங்கக்கா. இது புது மாடல். விரல் பட்டாப் போதும்,” என்றார் கடைக்கார ஹபீப் பாய்.

“கழட்டுனா பாறை கிழிச்சிரும் பாய்,” என்றாள் பக்கத்தில் நின்ற இருளாயி. “குடு மயினி, கடலுக்குக் கீழ போகப்போறது நான்தான? நான் அமுக்கிப் பாக்குறேன்.”

அவள் கொடுக்கவில்லை.

துணி அவளுடையது. எட்டு மாதமாக மடித்து வைத்திருந்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய போன்களும் கேமராக்களும் விற்கிற கடை. மேசை மேல் நீல வாளி. கடை கழுவ வைத்திருந்ததை அவள்தான் கேட்டு வாங்கித் தண்ணீர் நிரப்பினாள்.

இரண்டு கேமராக்கள். மலையேறுகிறவர்களும் பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களும் நெஞ்சில் கட்டிக்கொள்கிற வகை. இரண்டும் தண்ணீருக்குள் போகும்.

புதியதில் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் எல்லாம் தொடுதிரை.

பழையது தடிமன். விளிம்பெல்லாம் கறுப்பு ரப்பர். ஒரு மூலை உராய்ந்து வெளுத்திருந்தது. யாரோ அதை எங்கோ ஒரு பாறையில் நழுவ விட்டிருக்கிறார்கள். அது சாகவில்லை.

அதன் உச்சியில் ஒரு சிவப்புப் பொத்தான். கட்டைவிரல் அகலம்.

“அது ஏழு வருசப் பழசு,” என்றார் ஹபீப் பாய். “படம் கொஞ்சம் மங்கும். யூடியூப்ல போடப்போறீகன்னா நல்லதாப் பாத்து எடுங்க.”

“ஆமா, பாசி எடுக்கிறது எப்படின்னு சேனல் ஆரம்பிக்கிறோம். மொத ஆளா பாய்தான் வந்து முங்கணும். மீசை நனையுமேன்னு பாக்கக் கூடாது,” என்றாள் இருளாயி.

பாய் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

அவள் பழைய கேமராவைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருடம் இருவரும் ஒரே படகில் போனவர்கள். தீவுக்குப் பக்கத்தில் குதிப்பார்கள். மூச்சை அடக்கி இரண்டாள் ஆழம் இறங்குவார்கள். பாறையில் ஒட்டிய கடல்பாசியைப் பிய்த்து இடுப்புச் சாக்கில் திணிப்பார்கள். மேலே வந்து ஒரு மூச்சு. மறுபடியும் கீழே.

போன மாசியில் அவளுடைய வலது காதுக்குள் ஏதோ கிழிந்தது.

இனி முங்கவே கூடாது என்றார் டாக்டர். தலைக்குக் குளித்தால்கூடக் காதில் பஞ்சு.

இப்போதும் படகில் போகிறாள். மேலே வரும் பாசியிலிருந்து கல்லையும் சிப்பியையும் பொறுக்கி எறிகிறாள். மிச்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மேலிருந்து பார்த்தால் வானம்தான் தெரிகிறது.

கீழே இருப்பதை இருளாயி வந்து சொல்வாள். மரிக்கொழுந்துப் பாசி மறுபடியும் தழைத்திருக்கிறது. பிளவுப் பாறைக்குள் ஒரு விலாங்கு குடிவந்திருக்கிறது.

அவள் கேட்டுக்கொள்வாள்.

கேட்டது போதவில்லை.

பழைய கேமராவை வாளிக்குள் இறக்கினாள். பொத்தானை அழுத்தினாள்.

துணிக்கு அடியில், விரலில், ஒரு ‘டக்’.

சின்ன விளக்கு சிவந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

இன்னொரு கையையும் உள்ளே விட்டாள். தண்ணீர் மணிக்கட்டுக்கு மேலே ஏறியது. விரல்கள் தாமாக விரிந்தன. மடங்கின. வாளியின் அடியில் எதையோ பிய்த்தன.

“அதான் எரியுதுல்லக்கா. கைய எடுங்க.”

இருளாயி அவரைப் பார்த்து, பேசாதீர்கள் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது.

பிறகு பாய் அந்தச் சின்னத் திரையில் எடுத்ததைப் போட்டுக் காட்டினார். நீல வெளிச்சம். அதற்குள் மங்கலாக ஒரு கை, மெதுவாக, அவசரமே இல்லாமல்.

அவள் மூச்சு விடாமல் பார்த்தாள்.

“இதையே குடுங்க.”

“மங்கலா இருக்கேக்கா.”

“கீழ அப்படித்தான் இருக்கும்.”

பஸ் ஸ்டாண்டில் இருளாயியை நிறுத்தி, வார்களை மாட்டி, கேமராவை அவள் நெஞ்சில் கட்டிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“இறங்கும்போதே அமுக்கிருவேன் மயினி,” என்றாள் இருளாயி. “எல்லாத்தையும் எடுத்தாறேன். மேல வர்றப்பத்தான் இன்னும் நல்லாருக்கும். படகோட அடி தெரியும். நீ எட்டிப் பாக்குறது தெரியும்.”

வாரை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

கீழிருந்து எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஆடுகிற வெளிச்சம். அப்புறம் படகின் நிழல். அதன் ஓரத்தில், நெளிந்து நெளிந்து, ஒரு முகம். முங்க முடியாமல் போன யாராவது ஒருத்தி எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இருபத்தாறு வருடம் மேலே வந்தாள்.

தன் விரலில் இருந்த ஈரத் துணியை அவிழ்த்தாள்.

இருளாயியின் விரலில் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். அந்த விரலைப் பிடித்துச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்தாள்.

“மேல வர ஆரம்பிச்சதும்,” என்றாள், “அணைச்சிரு.”