மூன்றாவது குத்து

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டியிருந்தேன். மூன்று முறை குத்தியும் ஒரு சொட்டு வரவில்லை. கை வீங்கியதுதான் மிச்சம்.

"இவ்வளவு புடைச்சிருக்கிற ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியலையா? நீயெல்லாம் டாக்டரா?"

பயிற்சி டாக்டர் பெண் தலைகுனிந்தாள். "பெருந்தொற்று சமயத்துல படிச்சோம் சார். எல்லாமே ஆன்லைன் கிளாஸ்தான்."

"நொண்டிச் சாக்கு சொல்லாதே! உனக்குப் பாடம் எடுத்த புண்ணியவான் யாரு? டீனுக்கே புகார் எழுதுறேன்."

"நீங்கதான் சார்."

"நான் ரத்தம் எடுக்கிறதைக் கேமராவுல தெளிவா காட்டினேனேம்மா!"

"கேமராவுல உங்க வீட்டு ஃபேன்தான் சார் தெரிஞ்சுது."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மூணு மாசம் கத்தினோம் சார். எங்க எல்லாரையும் மியூட்ல போட்டிருந்தீங்க."

இன்னொரு கையையும் நீட்டினேன்.