மஞ்சள் நூல் சுற்றிய அம்பு

மழை விட்டதும் பிரேம்நாத் வில்லோடு மாவ்பி காட்டுக்குப் போய்ப் பரண் ஏறினான். எதிர்மரத்துப் பரண் காலியாக இருந்தது. அங்கே உட்காரும் அக்கா புருஷன் முரளிதரன் போன தையில் காய்ச்சலில் போய்விட்டார்.

விடிந்ததும் மான் வந்தது. பிரேம்நாத் நாணை இழுத்தான், அம்பை இன்னும் விடவில்லை. ஆனாலும் மான் விழுந்தது. அதன் விலாவில் நின்ற அம்பில், முரளிதரன் அடையாளத்துக்குச் சுற்றும் மஞ்சள் நூல் இருந்தது.

எய்தவர் வீட்டுக்கே ஈரல் என்பது அவர்கள் வழக்கம். பசுந்தாங்கு ஊருக்குப் போய் அக்கா பவானியிடம் ஈரலை மட்டும் கொடுத்தான். அவன் வருமுன்பே அவள் மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"மாமாவ ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே தம்பி," என்றாள். "நீ கூப்பிடாம அவரு என்னிக்குப் பரண விட்டு எறங்கியிருக்காரு?"