கோயில் குழுவில் போட்ட படம்

"எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க, சொந்தங்களே."

சித்தப்பா குழுவில் போட்டுவிட்டார். கீழே லிங்க்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தில் முகம் மட்டும்தான் அவளுடையது. உடம்பு வேறு யாருடையதோ. எந்தப் பாவி ஒட்டினானோ, ஒரு போலிக் கணக்கில் ஏற்றியிருந்தான்.

ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும் முன் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். நர்ஸ் வேலையில் எத்தனையோ பார்த்தவள்தான். ஆனாலும் அந்தப் படம் சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவள் கேட்டது.

சித்தப்பா தங்கமான மனுசன். ஒருத்தர் புகார் சொன்னால் கம்பெனிக்காரன் காதில் ஏறாது, ஊரே சொன்னால் ஏறும் என்று நினைத்தார். ஊருக்கு எங்கே போவது? குலதெய்வக் கோயில் வாட்ஸப் குழு இருக்கவே இருக்கிறது. கும்பாபிஷேக வசூலுக்கு ஆரம்பித்தது. கோபியிலிருந்து துபாய் வரை பங்காளிகள்.

"ஏனுங்க, எதைய அமுக்கோணும்?"

"மேல மூணு புள்ளி இருக்குதுல்லங்க, அதைய."

"காரணம் கேக்குதே. எதுக்குன்னு போடறது?"

ஒரு தாத்தா தெரியாமல் லைக்கை அமுக்கிவிட்டார். அதற்கு ஒரு சண்டை.

அவளுக்கே விசித்திரமாக இருந்தது. பயந்து நடுங்க வேண்டியவள், யார் எந்தக் காரணத்தைத் தொட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆபாசம்? ஆள்மாறாட்டம்? பெரியத்தை என்ன போட்டிருப்பாள்? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுப் போட்டிருப்பாள்?

"தூக்கிட்டானுங்க!"

ஒரே கைதட்டல். வாணவேடிக்கை. அம்மன் படங்கள்.

லிங்க்கைத் தொட்டுப் பார்த்தாள். நிஜம்தான். படம் இல்லை.

அப்பாடா!

தண்ணீர் குடித்தாள்.

துபாய் பங்காளி அப்போதுதான் போனை எடுத்தார் போல. "லிங்க் ஓப்பன் ஆகலையே. என்ன படமுங்க அது?"

"இருங்க. அழிஞ்சுரும்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றார் இன்னொரு பங்காளி.

வந்தது.

படம்.

கோபுரப் படத்துக்குக் கீழே, கும்பாபிஷேகத் தேதிக்குக் கீழே.

"அடப்பாவமே, இது நம்ம புள்ளதானுங்களா!" என்றது துபாய்.

அவள் குழுவின் பெயரைத் தொட்டாள். உள்ளே திறந்தது. பெரியப்பாக்கள், அத்தைகள், மச்சான்கள். சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் அட்மின் என்று இருந்தது. எல்லாருக்கும் அடியில், சிவப்பு எழுத்தில்: குழுவைப் புகாரளி.

அட, இங்கேயும் இருக்கிறதா இது!

போன் அடித்தது. சித்தப்பா.

பாவம். நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறார்.

அழைப்பைத் துண்டித்தாள்.

அமுக்கினாள்.