மச்சான் மாட்டும் பல்சக்கரம்

ஜன்னல் வெயிலில் இவனுடைய ரிமோட் காரின் கியர்பாக்ஸ் திறந்து கிடக்கிறது. புது பிரஷ்லெஸ் மோட்டாரின் வேகத்தில் பிளாஸ்டிக் பல்சக்கரம் மாவாகிவிடும் என்று மச்சான் இரும்புச் சக்கரம் மாட்டுகிறான். நாளைய பந்தயத்தில் அவனும் போட்டியாளன்; பாலுக்குப் பூனை காவல். இவன் அந்த விரல்களைவிட்டுக் கண்ணை எடுப்பதாயில்லை. "பல்லுல பழைய கிரீஸா இருக்கே, எங்கடா புடிச்ச?" என்கிறான். "கிடைச்சுது மாமா, விடுங்க." இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளிக்காகச் செருகியிருந்த காகிதத் துண்டை உருவிப் போட்டுவிட்டு மச்சான் கைகழுவப் போகிறான். இவன் அதை வெடுக்கென்று எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். பல்தடம் அச்சடித்ததுபோல் சீராக விழுந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தடத்துக்கு அடியில், நாளைய பந்தயத்துக்கு மச்சான் கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பத்தில் அவன் போட்டிருந்த கையெழுத்து, பாதியாகக் கிழிந்து.