முதல் தோட்டா

எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில், தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பியவரே முதல் தோட்டாவைச் சுட்டுப் பார்க்க வேண்டும். தேவநேசன் ஐம்பது தோட்டாக்களை நிரப்பியிருந்தார். குழலுக்குள் அழுத்தம் அளவோடுதான் இருக்கும் என்று மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருள் பச்சை நிறம் காட்டியிருந்தது. துப்பாக்கியைத் தோளில் பதித்த பிறகுதான், கணினியில் பழைய வெடிமருந்தின் பெயரை மாற்றாமல் விட்டது நினைவுக்கு வந்தது. புதியது அதைவிட வேகமாக எரியும்; அதே அளவு போட்டால் குழலே வெடிக்கலாம்.

"என்னண்ணே, நீங்க நிரப்புனதுக்கு நீங்களே பயப்படுறீங்க?" பின்னால் நின்ற கோமதி கேட்டாள். "சீக்கிரம். மிச்சம் நாற்பத்தொன்பதும் நாளைக்குப் போட்டியில எனக்கு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்கவில்லை. விரல் விசையின் மேலேயே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்.