இளக்கு

போடிமெட்டுச் சரிவில், பலாமரத்தின் உச்சிக் கவட்டையில் சின்ராசு இடுப்புக்கயிற்றோடு சாய்ந்து நிற்கிறான். அவன் அறுத்த கொப்பு வடத்தில் தொங்கியாட, அதன் நிழல் கீழே பூவெடுத்த ஏலச்செடிகளின் மேல் போய்ப்போய் வருகிறது. அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய வடத்தின் முனை அவன் அக்கா ராக்குவின் கையில். போன வருடம் அவன் "விடு" என்றதும் இவள் ஒரேயடியாக விட்டுவிட்டாள். ஐந்து செடிகள் நசுங்கின. இன்னொரு தடவை நசுங்கினால் வடத்தைத் தொடக்கூடாது என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மரத்தின் மேலிருந்து அந்தச் சொல் வருவதில்லை. "இளக்குக்கா... இளக்கு... நிப்பாட்டு. இன்னுங் கொஞ்சம் இளக்கு." மரப்பட்டையில் வடம் முனகுகிறது, உள்ளங்கை எரிகிறது. இரண்டு செடிகளுக்கு நடுவே கொப்பு மண்ணில் உட்காருகிறது. ஒரு பூ உதிரவில்லை. அப்போதும் ராக்கு பிடியைத் தளர்த்தவில்லை. மேலே சின்ராசு மலையே கேட்கக் கத்துகிறான்: "யக்கோவ்! இப்ப விடு!"