பிரஷர் நாற்காலி

“உக்காரவே இல்லடி!” கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தொடையைத் தட்டினார் முதலாளி.

அர்த்த ராத்திரியில் புருஷன் போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மா பதறிப்போய் விளக்கைப் போட்டாள். “யாருக்கு என்ன ஆச்சு?”

“நம்ம மருந்துக் கடையில ராத்திரி டியூட்டி பாக்கறானே, அவன்! இன்னிக்குக் கடைக்கு வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கான். இங்க பாரு!” செல்போனை அவள் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினார்.

திரையில் ஒரு வெள்ளைக் கோட்டு, அதற்கு மேலே ஒரு உச்சந்தலை. முதலாளிக்கு ஏழு கடை, ஆள் எடுப்பதெல்லாம் மேனேஜர் பாடு. ராத்திரி ஆட்களை அவர் கேமராவில் பார்ப்பதோடு சரி.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவான் என்று ஸ்டூலைத் தூக்கிக் கோடவுனில் போடச் சொன்னவர் அவர்தான். உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் அரை நாள் சம்பளம் கட். கால் வீங்குகிறது, ஒரு ஸ்டூலாவது கொடுங்கள் என்று அந்த மருந்தாளுநர் மேனேஜரிடம் எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார். “உக்காரவா சம்பளம்?” என்ற பதில்தான் வந்தது. போன மாதம் கால்வாசிச் சம்பளம் அப்படியே போய்விட்டது.

“அதோ ஓரமா நாற்காலியில ஒருத்தர் உக்காந்திருக்காரே?”

“அது பிரஷர் பாக்க வர்ற பேஷண்டுக்கு. காசு குடுக்கறவங்க தாராளமா உக்காரலாம். இந்த மனுஷன் நாலு நாளா வர்றாரு, பாவம், பிரஷர் இறங்கவே மாட்டேங்குது போல.”

“நீங்க உக்காந்துக்கிட்டு அவன் நிக்கறதை ரசிக்கிறீங்க. நல்லா இருக்கு நியாயம்!” அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்பேர்ப்பட்ட ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை பாராட்டாவிட்டால் எப்படி? பனியனுக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

கடையில் அந்த நேரத்திலும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். “ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க! சில்லறையா எடுத்து வச்சுக்கங்க!” வெள்ளைக் கோட்டின் குரல் தெருவுக்கே கேட்டது. அறுபது வயதிருக்கும். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், காலை அகட்டி ஜம்மென்று நின்றிருந்தார்.

நாற்காலியில் இருந்த பேஷண்டும் சும்மா இல்லை. வருகிறவர்களின் சீட்டை வாங்கிப் படித்தார். “ரெண்டாவது தட்டு, இடது ஓரம்” என்று கை காட்டினார். வெள்ளைக் கோட்டு எடுத்து வந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டப்புறம் போடுங்கம்மா” என்று கொடுத்தார்.

சம்பளம் கேட்காமல் வேலை பார்க்கிற பேஷண்ட்! முதலாளிக்கு வாயெல்லாம் பல். கூட்டம் கலைந்ததும் உள்ளே நுழைந்தார்.

“நான்தான் இந்தக் கடை முதலாளி!”

வெள்ளைக் கோட்டு திடுக்கிட்டுப் பேஷண்டைப் பார்த்தார். பேஷண்ட் அதற்குள் பாதி எழுந்துவிட்டார்.

“அட, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? கஸ்டமர்தானே எங்களுக்குத் தெய்வம்!” முதலாளி அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தார். பிறகு வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நின்னா உன்னை மாதிரி நிக்கணும்யா! இந்த மாசத்துலேருந்து உன் சம்பளத்தை ஏத்தறேன். மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்.”

சொன்னபடியே அங்கிருந்தே போன் போட்டு, மேனேஜரை எழுப்பிச் சொல்லியும் விட்டார். வெள்ளைக் கோட்டு ஒரு கும்பிடு போட்டார். நாற்காலியில் பேஷண்டின் கண் ஏனோ கலங்கியது.

அந்தப் பெருமையில் முதலாளி கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முட்டி கெஞ்சியது, தலை கிர்ரென்றது. உட்கார இடம் தேடினார். கடையில் ஒரே ஒரு நாற்காலிதானே!

“நீங்க உக்காருங்க சார்” என்று பேஷண்ட் எழுந்து, நொண்டிக்கொண்டே போய்ச் சுவரில் சாய்ந்தார்.

“அப்பாடா!” தொப்பென்று உட்கார்ந்த முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அந்த மனிதரின் பாதம் கண்ணில் பட்டது. செருப்புக்குள் அடங்காமல் உப்பிக் கிடந்தது. “ஐயையோ, என்னங்க கால் இப்படி வீங்கியிருக்கு?”

“நின்னு நின்னுதான் சார். ஒரு கடையில வேலை. உக்காந்தா சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்க.”

முதலாளிக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. “அடப் பாவமே! ஒரு நாற்காலி போட வக்கில்லாதவன்லாம் எதுக்குக் கடை நடத்தறான்? அவன்லாம் மனுஷனா? நீங்க பேசாம நம்ம கடைக்கு வந்துடுங்க!”

“சரிங்க சார்” என்றார் பேஷண்ட், சிரிப்பை அடக்க முடியாமல்.

“சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்! அந்த ஆளை நினைச்சா எனக்கே பிரஷர் ஏறுது.” முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டிடம் நீட்டினார். “எவ்வளவு இருக்குன்னு பாருப்பா.”

வெள்ளைக் கோட்டு பிரஷர் மெஷினைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், ரப்பர் குழாயை லேசாக இழுத்துப் பார்த்தார். பிறகு சுவரோரம் திரும்பிக் கோட்டைக் கழற்றினார்.

“மாப்ளே, இதை நீங்களே போட்டுக்கிட்டு வந்து பாருங்க. எனக்கு பஸ்ல டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்!”